மாப்பிள்ளைக்குக் கல்லீரல் பொருத்தம்

போன வாரம் பவித்ரா போன் செய்தாள். தர்மபுரியில் நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண். என் மெஷின் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லைதான், வாங்கியது டாக்டர். ஆனாலும் அதன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த மாவட்டத்தின் விலா எலும்புகளுக்கு நடுவே வருஷக்கணக்கில் தட்டியவள் நான்.

"ஜரீனாக்கா, நம்ம சென்டர்ல புதுசா ஒரு பேக்கேஜ் போடறாங்க. வாசல்ல பிளெக்ஸ் வெக்கணும். நீங்க ஒரு வாசகம் சொல்லுங்களேன்."

"என்னா பேக்கேஜ்?"

"கல்யாணப் பேக்கேஜ்க்கா. பொண்ணு வூட்டுக்காரங்க மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்தா லிவர் ஸ்கேன் பாத்து, ரிப்போர்ட்ட தாம்பூலப் பையில போட்டுக் குடுப்போம். உள்ள தேங்கா, வெத்தல பாக்கு எல்லாம் இருக்கும்."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"புது மேனேஜர் ஐடியாக்கா. டாக்டர்கிட்ட இன்னும் சொல்லல."

சொல்லியிருந்தால் அந்த மேனேஜர் இந்நேரம் பழைய மேனேஜர் ஆகியிருப்பார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்தேன். வைத்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர் பாலக்கோடு மண்டி மாதையன். அவர் கதையைச் சொல்வதற்கு முன்னால் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் இத்தனை காலம் கல்யாணத் தரகு பார்த்தேன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

நான் படித்தது எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு, சேலத்தில். அப்போதெல்லாம் படத்தை இருட்டறையில் கழுவி எடுக்க வேண்டும். விரல்களில் மருந்து வாசனை போகவே போகாது. அதனால் பெருநாள் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கக்கூட வீட்டில் என்னை விடமாட்டார்கள். அந்தப் படிப்பால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான். பிறகு தர்மபுரியில் இந்தச் சென்டரில் சேர்ந்து, உடைந்த காலும் சளி கட்டிய நெஞ்சுமாகப் பல வருஷம் ஓடியது. கால் உடைந்தவன் பொய் சொல்வதில்லை. வண்டியிலிருந்து விழுந்தேன் என்பான், விழுந்திருப்பான். மனிதர்கள் எவ்வளவு அழகாகப் பொய் சொல்வார்கள் என்பது கல்லீரல் மெஷின் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சாதாரண ஸ்கேன் உள்ளே இருப்பதன் உருவத்தைக் காட்டும். இந்த மெஷின் கல்லீரல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று சொல்லும். நோயாளி மல்லாக்கப் படுத்து, வலது கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவில் ஜெல் தடவி, புரோப் என்கிற அந்தக் கைப்பிடியைச் சாயாமல் நேராக வைத்து பட்டனை அமுக்கினால், விரலால் சுண்டியது போலத் தோல் மேல் ஒரு தட்டு விழும். அந்தத் தட்டு உள்ளே ஓர் அலையாக ஓடும். அதன் பின்னாலேயே காதுக்குக் கேட்காத ஒலி போய், அலை எத்தனை வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்து வரும். மெத்தென்ற கல்லீரலில் அலை நிதானமாகப் போகும். தழும்பேறி இறுகிய கல்லீரலில் விரைந்து ஓடும். பத்துத் தட்டு சரியாக விழுந்ததும், பத்தையும் வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை மெஷின் ஓர் எண்ணாகச் சொல்லும். அதன் அலகு கிலோபாஸ்கல். அந்தப் பெயரை இந்த ஊரில் யாரும் வாயால் சொன்னதில்லை. 'பாயிண்ட்' என்பார்கள். அதோடு, மெஷின் விற்ற கம்பெனிக்காரர்கள் சுவரில் ஒரு படம் மாட்டிவிட்டுப் போனார்கள். ஏழு வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள், பிறகு சிவப்பு. அந்தப் படம் செய்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே எல்லோரும் "பாஸா, பெயிலா?" என்று கேட்பார்கள்.

"இது பரீட்சை இல்லீங்க, கல்லீரல்" என்பார் எங்கள் டாக்டர் சொக்கலிங்கம்.

அவரே பரீட்சை ஹாலில் நடக்கும் வாத்தியார் மாதிரிதான் இருப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சத்தமில்லாத செருப்பில் வந்து நிற்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையும் 'நல்லா இருக்கீங்க' என்று சொன்னதும் இல்லை. 'மோசமில்லை' என்பார், அதுதான் அவர் தரும் மாலை மரியாதை. எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சாப்பாட்டைக் கேட்பார். சாப்பிட்டவுடன் ரத்தம் கல்லீரலுக்குத்தான் பாய்ந்து வரும். அது ஊதிக்கொண்டு நிற்கும், எண் ஏறிவிடும். அதனால் மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் டாக்டர் அதை விசாரிக்கும் விதம் மாமியார் மருமகளை விசாரிப்பது போல இருக்கும்.

"காலைல என்ன?"

"இட்லிங்க."

"எப்ப?"

"ஏழு மணிக்குங்க."

"தொட்டுக்க என்ன?"

தொட்டுக்கொண்டதைச் சொல்லும்போது ஆள் உளறிவிடுவான் என்பது அவர் கணக்கு. இட்லிக்குச் சட்னி என்று ஆரம்பித்து, வழியில் காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் தின்ற போண்டா வரைக்கும் வந்து நிற்பார்கள். கடத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வெளியே போய்த் தன் மனைவியிடம், "டாக்டரு பாவம், பசியில இருக்காராட்டம் இருக்குது" என்று சொல்லி, அடுத்த முறை வரும்போது களியும் கருவாட்டுக் குழம்பும் தூக்குப் போசியில் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டார்.

இன்னொருவர் இருந்தார், பெரிய காண்டிராக்டர். படுத்துக்கொண்டே, "மேடம், நாலு நாளா கையாலகூடத் தொடலீங்க. இன்னுமா மெத்துனு ஆகல?" என்று கோபித்துக்கொண்டார். நாற்பது வயது வரை ஊற்றியது நாலு நாளில் இறங்கிவிட வேண்டும். இறங்காதது மெஷினின் குற்றம். எண்ணைக் கொஞ்சம் குறைத்துப் போடக் கேட்டவர்களும் உண்டு. டாக்டரிடம் போய்க் கேளுங்கள் என்பேன். அவர் "காலைல என்ன?" என்று ஆரம்பித்தால் ஓடிவிடுவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் மாதையன் வந்தார்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் அவர் கமிஷன் ஏஜென்ட். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையச் சந்தனம், முன்னால் நல்ல தொப்பை. உள்ளே நுழைந்ததும் என் படுக்கையின் மெத்தையைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தார். கூட வந்தவர் சரவணன், கடத்தூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கும் ஒல்லிப் பையன். மாதையனுடைய தங்கச்சி மகள் கோமதிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. டாக்டர் அப்போது பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வார்டு பார்க்கப் போயிருந்தார்.

"மேடம், இந்த மெஷினு குடிக்கறவனக் காட்டிக் குடுத்துடும்னு சொல்றாங்களே, நெசங்களா?"

"கல்லீரல் கெட்டியா இருக்குதான்னு காட்டுங்கண்ணா. ஏன் கெட்டியாச்சுன்னு அதுக்குத் தெரியாது."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. தக்காளிய ஒரு அமுக்கு அமுக்கினா, பறிச்சு எத்தன நாளாச்சுன்னு நான் சொல்லிடுவேன். உங்க மெஷினு அவ்ளோகூடச் சொல்லாதா?"

"தக்காளி கெட்டியா இருந்தா நல்லதுங்கண்ணா. இங்க நேரெதிர்."

"அதான் பயமே" என்றார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதைப் பிறகு கோமதி சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் தங்கச்சி ராஜம்மாவின் புருஷன் குடித்தே செத்தவர். குடிக்கவே இல்லை என்று கடைசி வரை சாதித்தவர். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது மாதையன்தான். பிறகு தங்கச்சியையும் சின்னப் பெண்ணாக இருந்த கோமதியையும் தன் வீட்டுக்கே கூட்டிவந்து, படிக்கவைத்து, அவளைக் கணக்கு டீச்சர் ஆக்கினார். இந்தப் பெண்ணையும் ஒரு குடிகாரன் கையில் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் அவருக்கு ஒரே கவலை. ஜாதகம் பார்த்து, பொருத்தம் எல்லாம் சரியாக வந்த பிறகும் அவர் மனசு ஆறவில்லை. கல்லீரலையும் பார்த்துவிடலாம் என்று கூட்டிவந்துவிட்டார். கவலை நியாயமானது. அதை அவர் கொண்டு செலுத்திய விதத்தைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

"சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆச்சுங்களா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"வெறும் வயிறுதாங்க" என்றார் மாதையன்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மாதையனைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பெண் வீட்டுப் பெரியவர் சொன்ன வார்த்தையைக் கல்யாணத்துக்கு முன்னால் மறுத்துப் பேசும் மாப்பிள்ளையை நான் இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை. பின்னால் மறுப்பார்கள், அது வேறு விஷயம்.

"நீங்க வெளிய இருங்கண்ணா."

"நான் ஓரமா நிக்கறேங்க. ராகு காலம் வரதுக்குள்ள முடிச்சுடுங்க."

ஜெல் தடவித் தட்ட ஆரம்பித்தேன். பையன் அசையாமல் படுத்திருந்தான். எண்கள் ஆறு, எட்டு என்று ஏறி இறங்கின. கடைசித் தட்டு விழுந்து திரையில் 7.9 என்று வந்த நேரத்தில், மாப்பிள்ளை அடக்கி அடக்கி வைத்திருந்த ஏப்பம் ஒன்று வெளியே வந்தது. யா அல்லா! பட்டை, கிராம்பு, ஆட்டுக்கறி, எல்லாம் அதில் இருந்தது. என் அறையில் கல்யாணப் பந்தியே உட்கார்ந்து எழுந்தது போல ஆகிவிட்டது.

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. என்னா சாப்டீங்க?"

"கை நனைச்சுட்டுத்தாங்க வந்தோம்" என்றான் பையன் மெதுவாக. சம்பந்தம் பேசி முடியும் வரை ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடமாட்டார்கள், ஒத்துப்போய்விட்டால் கை நனைப்பார்கள். அன்றைக்குக் காலையில்தான் பெண் வீட்டில் அது நடந்திருக்கிறது. "கறிக்கொழம்பு, கொடல் வறுவல், அப்புறம் மறுபடியும் கறிக்கொழம்பு. அத்தை வெச்சிகினே இருந்தாங்க. போதும்னு எப்படிங்க சொல்றது?"

"ஏங்கண்ணா, வெறும் வயிறுன்னீங்களே!"

"மூணு மணி நேரம் உக்காந்திருந்தா ராகு காலம் வந்துடுமேன்னுதாங்க" என்றார் மாதையன், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அவர் முகம் போனில் இருந்தது. திரையையும் பக்கத்துச் சுவரில் இருந்த வண்ணப் படத்தையும் சேர்த்து அவர் போட்டோ எடுத்ததும், சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதில்கள் வந்து விழுந்தன. அவர் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். "மஞ்சள்ல நிக்குதே" என்று ஒன்று. "அன்னிக்கே சொன்னேன், கண்ணு செவந்திருக்குன்னு" என்று ஒன்று. கும்பிடும் கைப் படம் மட்டும் போட்டிருந்தது ஒன்று.

சரவணன் எழுந்து உட்கார்ந்தான். பனியன் நெஞ்சு வரை ஏறியிருந்தது, விலாவில் ஜெல் வழிந்தது. "நான் குடிக்கறதே இல்லீங்க மாமா!"

"எங்க மச்சானும் இதேதாம்ப்பா சொன்னாரு" என்றார் மாதையன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கி ஜெல்லில் முக்கியிருப்பேன். டாக்டர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். குடல் வறுவல் வரை வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ரிப்போர்ட் கிடையாது. இன்னொரு நாள் வெறும் வயித்தோட வாங்க."

"நம்பர் வந்துடுச்சுங்களே சார்."

"என் கையெழுத்து இருந்தாத்தான் அது நம்பர். இல்லாட்டி வெறும் போட்டோ."

"ரெண்டாவது தடவ பாத்தா கொறையத்தான் செய்யும். எனக்குத் தெரியாதுங்களா? வாடுன தக்காளிக்குத் தண்ணி தெளிச்சுப் பொட்டியில மேலாக அடுக்கறது எங்க மண்டில நாங்க தெனமும் பண்றதுதாங்க."

இவ்வளவு சுத்தமான மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிளம்பிப் போய்விட்டார். மாப்பிள்ளை பின்னாலேயே போய்த் தனியாக ஒரு பஸ்ஸில் ஏறினான்.

சில நாள் கழித்து கோமதி போன் செய்தாள். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை.

"மேடம், அந்தப் பத்து ரீடிங்ல நீங்க எடுக்கறது சராசரிங்களா, நடுவுல வர்றதுங்களா?"

அத்தனை வருஷத்தில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். நடுவில் வருவது என்றேன். சாப்பாடு எப்படி எண்ணை ஏற்றும் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"எனக்கு அவரப் புடிச்சிருக்குதுங்க. மாமா வேணாம்னா நான் மீற மாட்டேன். எங்கப்பன் செய்யாதத எல்லாம் செஞ்ச மனுசன் அவரு. ஆனா ஒரு கறிச்சோத்தால என் கல்யாணம் நிக்கறது எனக்குத் தாங்கல மேடம்."

"மாமாவ மறுபடியும் கூட்டிட்டு வாம்மா. மீதிய டாக்டர் பாத்துக்குவாரு."

எப்படிப் பேசினாளோ தெரியாது, மாமாவையும் சரவணனையும் சேர்த்தே கூட்டிவந்துவிட்டாள். மாதையன் ஒப்புக்கொண்டதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதை வாசலிலேயே அறிவித்தார்.

"மொதல்ல மெஷினு ஒழுங்கான்னு பாக்கணும். தராசு சரியான்னு பாக்காம நாங்க எடை போடறதில்ல. குடிக்காத ஆளு ஒருத்தன் மேல வெச்சுக் காட்டுங்க. எதுக்கு வேற ஆளு, நானே படுக்கறேன். பொறந்ததுலருந்து ஒரு சொட்டு தொட்டதில்ல. இன்னிக்கு கிருத்திகை விரதம் வேற, பச்சத் தண்ணிகூடக் குடிக்கல."

இதைச் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார். போனில் வீடியோ போட்டுக் கோமதி கையில் கொடுத்தார். திரையில் சொந்தக்காரர்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ராஜம்மா.

"போன் கூடாதுங்கண்ணா" என்றேன்.

"என் கல்லீரலு, என் போனு. உங்களுக்கு என்னாங்க மேடம் நஷ்டம்?"

அன்றைக்கு அடுத்தவன் கல்லீரலைப் படம் பிடித்தபோது இந்தச் சட்டம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. சரி, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தொப்பைக்குச் சாதாரண புரோப் எட்டாது. பருத்த உடம்புக்கென்று பெரிய புரோப் ஒன்று உண்டு, அதை எடுத்து மாட்டினேன். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க" என்று படுத்துக்கொண்டே போனைப் பார்த்துப் பேசினார் மாதையன். "பச்சைன்னா எப்படி இருக்கும்னு இப்பத் தெரியும்."

முதல் தட்டில் 12 வந்தது. நான் புரோபைச் சரிசெய்து வைத்தேன். அடுத்தது 13. இடத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன், மறுபடியும் 12 சொச்சம். தட்டிக்கொண்டே போனேன். கடைசியில் திரையில் நின்ற எண் 12.6. சுவர்ப் படத்தில் அது சிவப்பின் வாசலில் இருந்தது.

"மெஷினு கெட்டுப்போச்சு" என்றார் மாதையன். "நான்தான் சொன்னேனே! இதுல பாத்துட்டா ஒரு பையனப் போயி... எந்திரி தம்பி, நீ வந்து படு, உனக்கு இருவது காட்டும் பாரு."

சரவணன் வந்து படுத்தான். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தான், உதடு காய்ந்திருந்தது. சாதாரண புரோபை மாற்றினேன். ஐந்து, ஐந்தரை, ஐந்து. 5.3 என்று வந்தது, நல்ல பச்சை. கோமதி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மெஷின் கெடவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதைச் சோதித்துக் காட்டியவரே மாதையன்தான். பக்கத்து ஸ்டூலில் சட்டையில்லாமல், விலாவில் ஜெல்லோடு உட்கார்ந்திருந்தார். கோமதியின் கையில் இருந்த போனிலிருந்து ராஜம்மாவின் குரல் வந்தது.

"அண்ணா... நீயுமா?"

"இல்ல ராஜம்மா! நான் குடிக்கறதே இல்ல!"

முந்தின முறை இதே அறையில், இதே கோலத்தில், இதே வார்த்தையைச் சொன்ன பையன் எதிரில் பனியனை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். வாயில் வந்த சிரிப்பு எனக்கும் பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த மனிதர் சொன்னது சத்தியம். அது அந்த முகத்தைப் பார்த்த எனக்குத் தெரிந்தது. போனில் இருந்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. எண் ஏறினால் குடிகாரன் என்று அவர்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். கோமதி போனை அணைத்துவிட்டாள்.

டாக்டர் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். கேள்வி ஆரம்பித்தது.

"காலைல என்ன?"

"விரதம் சார்" என்றார் மாதையன், உயிர் போன குரலில். சாப்பாட்டின் மேல் பழி போடும் வழியையும் அவரே காலையில் வாசலில் அடைத்துவிட்டு வந்திருந்தார்.

"நேத்து?"

நேற்றைய கணக்கு வந்தது. விடியற்காலை மண்டியில் டீ, சர்க்கரை தூக்கலாக. ஏலம் ஆரம்பிக்கும்போது ஒரு டீயும் பன்னும். லாரிக்காரன் வாங்கித் தந்த டீ, தாகத்துக்குக் கலர் சோடா. மத்தியானம் சாப்பாடு, அதன் மேல் ஜிலேபி.

"தொட்டுக்க என்ன?" என்றார் டாக்டர்.

"மிச்சர்ங்க" என்றார் மாதையன்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை எங்கேயோ நின்றது. பல வருஷமாக இருந்திருக்க வேண்டும், அவர் பார்த்ததே இல்லை. வேறு நோய்த்தொற்று எதுவும் இல்லை. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, அது புண்ணாகி, புண் தழும்பாகி இறுகியிருக்கிறது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"ஒரு சொட்டும் தொடாம இந்தக் கெதிங்களா சார்?"

"தொடாமலே ஆகும். அப்படி ஆனவங்க யாரும் இங்க வந்து படுக்கறதில்ல. குடிக்கறவனுக்குத்தான இந்த மெஷினுன்னு நெனைச்சுக்கறாங்க, நீங்க நெனைச்ச மாதிரி. மாப்பிள்ளைக்குப் பாக்க வந்ததால தெரிஞ்சுது. முத்திப்போய் வயிறு வீங்கி வந்திருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. இப்ப நிறுத்தலாம். சர்க்கரைய இறக்குங்க, தொப்பைய இறக்குங்க. மோசமில்லை."

மாதையன் சரவணன் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிடப் போனார். பையன் பதறி அந்தக் கையைப் பிடித்து இறக்கினான். "விடுங்க மாமா. மொதல்ல சட்டையப் போடுங்க."

கல்யாணத்துக்கு எனக்கும் டாக்டருக்கும் பத்திரிகை வந்தது. போனேன். மாதையன் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார், தொப்பை கொஞ்சம் இறங்கியிருந்தது. இனிப்பைத் தொடவில்லை. கையில் ஒரு டம்ளர் மோர். மண்டபத்தில் இருந்தவர்கள் அந்த டம்ளரைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எத்தன வருசமா மறைச்சு வெச்சிருந்தான் பாரு" என்று எனக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள். மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து, அவர் தோளில் கை போட்டு, "இனி எதுக்குய்யா மாதையா மோரு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான, பின்னால வா" என்று அன்பாக அழைத்தார். அவ்வளவு காலம் அவர்களைத் திட்டித் தீர்த்தவரை அவர்கள் எந்த வருத்தமும் வைத்துக்கொள்ளாமல் சேர்த்துக்கொண்டார்கள். குடிகாரர்களுக்குப் பெரிய மனசு.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை சோதனைக்கு ஒழுங்காக வந்தார். எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒவ்வொரு முறையும் படுக்கையிலிருந்து எழுந்ததும், "மேடம், எங்க ராஜம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்பார். சொல்வேன். டாக்டரும் சொல்லியிருக்கிறார். அந்தம்மா மரியாதையாகக் கேட்டுக்கொள்வார், "சரிங்க" என்பார்.

பவித்ராவின் பிளெக்ஸ் விஷயத்தை நேற்று மாதையனுக்கே போன் செய்து சொன்னேன். மாப்பிள்ளைப் பேக்கேஜ், தாம்பூலப் பை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"வெக்கட்டுங்க மேடம். ஆனா குடிக்காதவங்களுக்கும் வரும்னு அதுல ஒரு வரி போடச் சொல்லுங்க. பெரிய எழுத்தா, எங்க ராஜம்மா பஸ்ஸுல போறப்பவே படிக்கற மாதிரி."

"இன்னுமா நம்பல அவங்க?"

"கோமதி நம்புது. மாப்பிள்ளை நம்பறாரு. இவதாங்க." மண்டி இரைச்சலிலிருந்து போனைத் தள்ளிக் கொண்டுபோய்ச் சொன்னார். "அவ புருசன் தெனம் குடிச்சுட்டு வந்து குடிக்கலேம்பாரு. அத நம்புனா மேடம், சாவற வரைக்கும் நம்புனா. நான் மண்டிலருந்து வூட்டுக்குப் போனா இன்னிக்கும் வாசல்லயே நிக்கறா. வாய ஊதிக் காட்டிட்டுத்தான் நான் சோத்துல கை வெக்கறேன்."